கங்காணி வீட்டுப் பாத்தியதை

அதுமேல கைய வைக்காதீக தம்பி. கண்ணாடி. ரெண்டு பக்கமும் கண்ணாடி. அதனாலதான் மடியில வச்சிருக்கேன். மேல வச்சா, இந்த பஸ் போற போக்குக்கு தயாபுரம் போய்ச் சேரும்போது தூளாத்தான் இருக்கும். ஃபிரேம் கடைக்காரன் கேக்கான், பெரியவரே, செவத்துல மாட்டுத படத்துக்கு எதுக்குப் பின்பக்கம் கண்ணாடி, அதை யாரு பாக்கப்போறான்னு. நான் என்ன சொல்ல? நூறு வருசமா யாரும் பாக்காமத்தான் இந்தக் கதின்னு அவன்கிட்டச் சொல்ல முடியுமா? உன் வேலையைப் பாருடேன்னு சொல்லிட்டேன்.

நீங்களும் தயாபுரமா? அசனத்துக்கா? நல்லது. யார் வீட்டுக்கு விருந்தாளியா வாரீக? இருங்க, கண்டக்டர் வாரான், சில்லறையைக் குடுத்துட்டு வாரேன். இவனுக்கு எப்பவும் சில்லறை வேணும்.

எம் பேரு ஞானசிகாமணி. மின்சார வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர்டு. தயாபுரத்துல இறங்கி கங்காணி வீடு எதுன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் காட்டும். வெளியூர்க்காரக எல்லாரும் கேக்காக, அசனம்னா என்னன்னு. கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் போடுற சாப்பாடு, அவ்வளவுதான். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம். மேலத் தெரு, நடுத் தெரு, தெக்குத் தெரு, எல்லாரும் தரையில ஒரே பந்தியா உக்காருவாக. வேற ஊர்ல அப்படி இருக்காது. எங்க ஊர்ல மட்டும் இருக்கு. காரணம் ஒரு பொம்பளை. செத்து நூத்திருபது வருசம் ஆகுது, இன்னும் எங்களைப் படுத்துதா. அவ எழுதின சாசனம்தான் இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிறது.

சொல்லுதேன் கேளுங்க. பஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

எங்க பூட்டனுக்கு ஒரு அண்ணன். வேதமாணிக்கம்னு பேரு. வெள்ளக்காரன் காலத்துல கண்டிக்குப் போயி, தேயிலைத் தோட்டத்துல கங்காணியா இருந்து, கைநிறையக் கொண்டுவந்து ஊர்ல ஒரு மாடி வீடு கட்டினாரு. அந்தக் காலத்துலயே மாடி. கதவு நிலையெல்லாம் கப்பல்ல வந்த மரம். இன்னைக்கும் ஒரு கதவைச் சாத்தினா தெரு முழுக்கக் கேக்கும். கட்டி ரெண்டு வருசம் இருந்திருப்பாரு, காய்ச்சல்ல போயிட்டாரு. பிள்ளை கிடையாது. பெஞ்சாதி பேரு அன்னப்பழம். இருந்த எல்லாத்தையும் அந்தப் பொம்பளை பேர்ல எழுதி வச்சிட்டுச் செத்தாரு. கூத்தைப் பாருங்க. கூடப்பொறந்த தம்பி, எங்க பூட்டன், கல்லுமாதிரி எதிர்ல நிக்காரு. எழுதி வச்சது பெண்டாட்டி பேர்ல.

சரி, அவளாவது குடும்பத்துக்குன்னு வச்சாளா? பிறகு அஞ்சு வருசம் உயிரோட இருந்தா. சாகும்போது யார் யாருக்கோ எடுத்து வீசிட்டுப் போனா. கோயிலுக்கு ஒரு மணி, அது போக மூணு ஏக்கர் வாழைத் தோட்டம், அதுல வார வரும்படியில வருசா வருசம் அசனம் நடத்தணும்னு. மணி நல்ல மணிதான், ரெண்டு மைல் கேக்கும். ஆனா அதுல என்ன பேரு வெட்டியிருக்கு தெரியுமா? அன்னப்பழம்னு வெட்டியிருக்கு. எங்க வீட்டு ஆம்பிளை பேரு ஒண்ணுகூட அதுல கிடையாது.

ஊருக்கு ஒரு கிணறு. எந்தத் தெருவாரும் எந்த வாளியும் போடலாம்னு எழுதியிருக்கா. வாளின்னு குறிப்பா எழுதியிருக்கா, பாத்துக்கிடுங்க. கிணறு தொறந்த அன்னைக்கு மேலத் தெருக்காரக ஒருத்தரும் அந்தப் பக்கமே போகலையாம். எங்க தாத்தா சொல்லுவாரு. அப்புறம் கோடை வந்தது. கோடையில எல்லாரும் வாளியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாக.

நான் சாதி பாக்கிற ஆள் இல்ல தம்பி. கிறிஸ்தவன்னு இருந்துக்கிட்டு அதெல்லாம் பாக்கக்கூடாது. தெக்குத் தெருவுல எனக்குப் பழக்கமானவன் எத்தனையோ பேரு இருக்கான். வாசல்ல வந்து நிப்பான், மணிக்கணக்கா பேசிக்கிட்டிருப்போம். ஆனா எதுக்கும் ஒரு வரம்பு உண்டும்லா.

எங்களுக்கு என்ன வச்சா? மாடி வீடு. அதையும் சும்மா குடுக்கல. சாசனம் ஒரே தாள்தான். எங்க தாத்தா அதைக் கண்ணாடி போட்டு முன்கூடத்துல மாட்டிட்டாரு. நான் பிறந்ததுல இருந்து அதைப் பாத்துத்தான் வளந்தேன். மனப்பாடமா சொல்லுவேன். "காலஞ்சென்ற வேதமாணிக்கம் கங்காணியின் விதவையாகிய அன்னப்பழம் அம்மாள் சுயபுத்தியுடனும் பூரண நினைவுடனும் எழுதிவைத்த மரண சாசனம்"னு ஆரம்பிக்கும். மணி வரும், தோட்டம் வரும், கிணறு வரும். கடைசியா, "என் மாடி வீட்டை என் புருஷன் வீட்டார் தலைமுறை தலைமுறையாய் அனுபவித்து வரவும். மேற்படி அசனத்தில் வருஷந்தோறும் அவர்களுக்கு உண்டான பாத்தியதை யாதெனில்". அதோட தாள் முடிஞ்சிரும்.

யாதெனில். அப்புறம் ஒண்ணுமில்ல.

என்ன பாத்தியதை? எங்க தாத்தா சொன்னாரு, முதல் அகப்பைன்னு. ஐயர் ஜெபம் பண்ணினதும் முதல் இலைல முதல் அகப்பை சோறு கங்காணி வீட்டு ஆம்பிளைதான் போடணும். நீங்க எந்த ஊரோ, எங்க பக்கம் சபை போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். சபைக்குக் குடுத்த பிரதியை என்னைக்கோ கரையான் தின்னுட்டு. அதனால எங்க தாத்தா சொன்னதுதான் சட்டம். வேற என்னவா இருக்க முடியும்? கங்காணி வீட்டுக்கு வேற என்ன பாத்தியதை இருக்கும், நீங்களே சொல்லுங்க.

தாத்தா போட்டாரு. அப்பா போட்டாரு. எங்க அண்ணன் ரெண்டு வருசம் போட்டான், லாரியில அடிபட்டுப் போயிட்டான். அப்புறம் நான். இருபத்தோரு வருசம் நான் போட்டேன். சரிகைக்கரை வேட்டி, மேல துண்டு, கையில அகப்பை. ஊரே என் கையைப் பாத்துக்கிட்டிருக்கும். போட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துருவேன். அங்க உக்காந்து சாப்பிடறதில்ல. அந்த எண்ணெய் நமக்குச் சேராது.

இதுல எனக்கு வந்து வாய்ச்ச அவமானத்தைக் கேளுங்க. எங்க அண்ணன் பெஞ்சாதி, லேயாள் மதினி. அண்ணன் போனபிறகு அவளை நாங்க தெருவுல விடல. மாடி ரூம்பு பிள்ளைகளுக்கு வேணும்னு, பின்னால சாய்ப்புல ஒரு ரூம்பு ஒதுக்கிக் குடுத்தோம். சாப்பாடு குடுத்தோம். வீட்டு வேலையெல்லாம் அவதான் பாத்தா. பின்ன, சும்மா உக்காந்திருந்தா மனசு விட்டுப்போகும்லா. அவ நல்லதுக்குத்தான்.

அண்ணன் போன அந்த வருச அசனம். நான் முதல் அகப்பையைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து வேட்டியை மாத்திட்டு உக்காந்திருக்கேன். தேவாசீர் வாரான். மளிகைக்கடை வச்சிருக்கான், சபைக் கமிட்டியில செயலாளர், எப்பவும் ஒரு நக்கல். அண்ணாச்சி, முதல் அகப்பையும் உங்க வீடு, கடைசி இலையும் உங்க வீடுதான் போலன்னான். எனக்குப் புரியல. போய்ப் பாக்கேன். எங்க மதினி பனையோலைக் கடகத்தை இடுப்புல வச்சிக்கிட்டு பந்தியில குனிஞ்சு எச்சில் இலை எடுத்துக்கிட்டிருக்கா. யாரு இலை? தெக்குத் தெருக்காரக இலை. கங்காணி வீட்டு மருமக.

அந்த வேலைக்குன்னு ஆள் இருக்கு தம்பி. கூலி குடுத்தா செய்வான். நான் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், உனக்கு என்ன கிறுக்கா, எங்க அண்ணன் மானத்தை வாங்கவா இருக்கன்னு. அவ கையைக் கழுவிக்கிட்டே சொன்னா, முன்கூடத்துல மாட்டிருக்கதை ஒருநாள் திருப்பிப் பாருங்க கொழுந்தனாரேன்னா. திருப்பினா என்ன இருக்கும், பல்லி முட்டைதான் இருக்கும்னேன். அவ சிரிச்சிட்டுப் போயிட்டா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

அவ மட்டும்னா சரி, கிறுக்குன்னு விட்டுறலாம். அவளுக்கு முன்னால எங்க பெரிய அத்தை ஒருத்தி, அறுத்துட்டு வந்து எங்க வீட்ல இருந்தவ, அவளும் இப்படித்தான் எடுத்தா. அவளுக்கு முன்னால ஒரு சின்னப் பாட்டி. எங்க வீட்ல புருசனை முழுங்கினவளுக்கெல்லாம் அசனத்தன்னைக்கு இந்தக் கிறுக்குப் பிடிச்சிரும். எங்க அப்பா தலையில அடிச்சிக்கிடுவாரு. ஆனா யாரும் போய்க் கையைப் பிடிச்சு இழுக்கல. விதவைதான, எங்கயோ நிக்கட்டும்னு விட்டுட்டாக.

இலை எடுத்ததோட நின்னாளா? சாயங்காலம் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கிட்டு தெக்குத் தெருவுக்குப் போவா. எங்க வீட்டுச் சோறு, எங்க வீட்டுக் குழம்பு. கேட்டா சொல்லுவா, சாலமோன் மவன் இலைல கறி விழுந்த தடமே இல்ல கொழுந்தனாரே, பரிமாறினவன் பிள்ளைதானன்னு தாண்டிப் போயிருக்கான்னு. ஒரு இலையைப் பாத்தே சொல்லுவா, இவன் வீட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல, இந்தக் கிழவிக்குப் பல்லு வலி, சோத்தை மெல்லாம வச்சிருக்கான்னு. எச்சில் இலையில ஜோசியம். உனக்கு எதுக்குடி ஊர்ச் சோலின்னு எம் பெண்டாட்டி சத்தம் போடுவா. அவ காதுலயே போட்டுக்கிட மாட்டா.

ஆச்சு, இருபது வருசம் இப்படி ஓடிட்டு. போன வருசம் புது ஐயர் வந்தாரு. சின்ன வயசு. வந்த மூணாம் மாசம் கமிட்டியில சொல்லுதாரு, முதல் அகப்பையை வருசத்துக்கு ஒருத்தர் போடட்டும், சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுப்போம்னு. தேவாசீர் தலையாட்டுதான். அவன் சொல்லிக் குடுத்ததாத்தான் இருக்கும். எனக்கு வந்த கோவத்துக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபைக் கூட்டம் போடுங்க, சாசனத்தைக் கொண்டு வாரேன், எல்லார் முன்னாலயும் வாசிக்கேன்னு சொல்லிட்டேன்.

கொண்டு போனேன். செவத்துல இருந்து இறக்கும்போது மதினி அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. கவனமாக் கொண்டு போங்க கொழுந்தனாரேன்னா.

சபை நிறைஞ்சு இருக்கு. மேலத் தெரு முன்னால, தெக்குத் தெரு பின்னால. நான் பலிபீடத்துக்குப் பக்கத்துல நின்னு, கணீர்னு வாசிச்சேன். யாதெனில் வந்தது. நிறுத்தினேன். ஐயர் மெதுவா கேக்காரு, அண்ணாச்சி, அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு. அதுக்கு மேல தாள் இல்லன்னேன். பின்பக்கம் ஏதும் எழுதியிருக்குமோன்னாரு. எனக்கு வந்ததே கோவம். எங்க வீட்டுச் சாசனத்துல எனக்குத் தெரியாததா? தொறந்தே காட்டுதேன்னு சொன்னது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தல. ஐயர் கையை நீட்டினாரு, குடுக்கல. நானே திருப்பினேன். பின்பலகையில ஆணி நாலும் புதுசா இருந்தது. துரு இல்ல. யாரோ முன்னாலயே தொறந்து, பாத்து, திரும்ப அடிச்சிருக்காக. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. பலகையை எடுத்தேன். தாளோட பின்பக்கம் முழுக்க எழுத்து.

எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு தம்பி. பாத்தியளா, முதல் அகப்பைன்னு அங்க எழுதியிருக்கும்னு வாசிக்க ஆரம்பிச்சேன். அதே கணீர்க் குரல்ல. "பந்தியில் உட்கார்ந்து உண்ணும் சகல தெருவாருடைய எச்சில் இலைகளையும், விசேஷமாய்த் தெற்குத் தெருவாருடைய எச்சில் இலைகளையும்." அங்க வரும்போது குரல் இறங்கிட்டு. மூக்குக்கண்ணாடி சரியில்லன்னேன். தேவாசீர் எந்திரிச்சு வந்து, குடுங்க அண்ணாச்சி, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு வாங்கிக்கிட்டான். அவன் வாசிச்ச மாதிரி வேதப்புத்தகத்தைக்கூட அவன் வாசிச்சிருக்க மாட்டான்.

"தங்கள் சொந்தக் கைகளால் எடுப்பதேயாகும். கூலிக்கு ஆள் வைக்கலாகாது. ஒரு வருஷம் தவறினாலும் மேற்படி மாடி வீடு சபையைச் சேர்ந்து, ஆதரவில்லாத விதவைகள் தங்கும் வீடாகக் கடவது. எடுத்ததற்கு அந்தப் பந்தியில் உண்ட தெற்குத் தெருவாரே சாட்சி."

இப்படி ஒரு பாத்தியதையை எங்கயாவது கேட்டிருக்கீகளா? ஆண்டு அனுபவிக்கச் சொல்லி வீட்டைக் குடுத்துட்டு, கூடவே எச்சில் இலையையும் குடுத்துட்டுப் போயிருக்கா. அதையும் நல்ல பேரா வச்சு, பாத்தியதைன்னு.

தேவாசீர் சாசனத்தைக் கீழ வைக்காமலே கேக்கான், அப்ப இத்தனை வருசமா கங்காணி வீட்ல யாரு எடுத்தாகன்னு. வேணும்னே கேக்கான். வீடு போச்சுன்னே நினைச்சேன். நான் பிறந்த வீடு, எம் பிள்ளைக பிறந்த வீடு. அந்த நேரம் பின்னால ஒரு கிழவி எந்திரிச்சா. சீயோனம்மான்னு பேரு, தெக்குத் தெரு. சபையில அவ வாயைத் தொறந்து நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

"எங்க இலையை லேயாளம்மாதான எடுத்தாக. அவுகளுக்கு முன்னால அவுக வீட்டுப் பெரியம்மா எடுத்தாக. எங்க மாமியா காலத்துல இருந்து எங்க தெரு இலையை வேற கை தொட்டதில்ல. ஒரு வருசம்கூடத் தப்பல. நாங்க சாட்சி."

அவ உக்காரல. தெக்குத் தெருப் பொம்பளைக ஒவ்வொருத்தியா எந்திரிச்சு நின்னாக. அதோட கூட்டம் முடிஞ்சிட்டு. ஐயர் ஜெபம் பண்ணி அனுப்பிட்டாரு.

இல்ல தம்பி, நான் சீயோனம்மாகிட்ட நன்றின்னு ஒண்ணும் சொல்லல. என்ன சொல்லச் சொல்லுதீக? நடந்ததைச் சொன்னா. அதுக்குப் போய்க் கும்பிட முடியுமா?

வீட்டுக்கு வந்து மதினிகிட்டக் கேட்டேன், தெரிஞ்சு ஏன் சொல்லலன்னு. திருப்பிப் பாருங்கன்னு சொன்னேனே கொழுந்தனாரேன்னா. அவளுக்கு எங்க பெரிய அத்தை சாகும்போது சொல்லிட்டுப் போனாளாம். பெரிய அத்தைக்கு அந்தச் சின்னப் பாட்டி. ஆம்பிளைக யாருகிட்டயும் அவளுக வாயைத் தொறக்கல. அன்னப்பழம் ஏன் அப்படி எழுதினாங்கறதையும் அவ சொன்னா. புருசன் செத்த நாப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊரைக் கூப்பிட்டு எங்க பூட்டன் சாப்பாடு போட்டிருக்காரு. அன்னப்பழம் இலைக்கு முன்னால உக்காந்தாளாம். தாலி அறுத்தவளுக்கு என்ன பந்தின்னு எழுப்பி விட்டு, ஊர் சாப்பிட்ட இலையை அவளை எடுக்கச் சொன்னாகளாம், அவ புருசன் கட்டின வீட்டு முற்றத்துல வச்சு. சாயங்காலம் வரைக்கும் யாரும் அவளுக்குச் சோறு வைக்கலையாம். கொல்லைப்பக்கம் உக்காந்திருந்த தெக்குத் தெருக்காரி ஒருத்தி தன் இலைல பாதியைக் கிழிச்சு, பாதிச் சோத்தைத் தள்ளி வச்சுக் குடுத்தாளாம்.

அவ்வளவுதான் காரணம். ஒருநாள் சோறு. ஒருநாள் சோத்துக்கு ஒரு குடும்பத்தை நூத்திருபது வருசம் குனிய வச்சிருக்கா. என்ன மனசு அது? நான் மதினிகிட்டச் சொன்னேன், பாத்தியா, சரியான வஞ்சகக்காரின்னு. குனிஞ்சவுக யாருன்னு மட்டும் எண்ணிப் பாருங்கன்னா. அவ பேச்சு எப்பவும் அப்படித்தான், பாதியைச் சொல்லுவா, பாதியை முழுங்கிருவா.

போன வருச அசனத்துக்கு நான் போகல. மாடி ஜன்னல்ல இருந்து பாத்தேன். முதல் அகப்பையை ஐயர் சீயோனம்மா கையில குடுத்தாரு. சீட்டுல அவ பேரு வந்துதாம், நம்பச் சொல்லுதாக. அவளுக்கு அகப்பையைப் பிடிக்கக்கூட வரல, பாதிச் சோறு பாயில விழுது. மதினி எப்பவும்போல இலை எடுத்தா.

இந்த லெந்து நாள்ல அவ போயிட்டா. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். காலையில காப்பி போட வரலன்னு எம் பெண்டாட்டி போய்ப் பாத்தா. முடிஞ்சு போயிருந்தது. எங்க அப்பா அடக்கத்துக்கு வராத கூட்டம் தம்பி. தெக்குத் தெரு மொத்தமும் வந்து நின்னுது. யாரு சொல்லி விட்டான்னு தெரியல. நான் வாசல்ல நாற்காலி போடச் சொன்னேன். ஒருத்தரும் உக்காரல, எல்லாரும் சாய்ப்பு ரூம்புக்குப் போயி ஒருதரம் பாத்துட்டு வந்தாக. அதுல என்ன இருக்கு? ரெண்டு சேலை, ஒரு பைபிள், இந்தக் கடகம். அன்னா உங்க காலுக்குக் கீழ இருக்கே, அதுதான். ஒரு ஓரம் பிஞ்சு போச்சு, டவுன்ல கட்டக் குடுத்திருந்தேன்.

ஏன் கட்டினேன்னு கேக்கீகளா? இன்னைக்கு அசனம்லா.

ஆமா, நான்தான். வேற யாரு இருக்கா? பெண்டாட்டிக்கு முட்டுவலி, குனிய முடியாது. அசனம்னு சொன்னதுல இருந்து வலி கூடிட்டு. மூத்தவன் பெங்களூர்ல இருந்து போன்ல சொல்லுதான், ஆள் போட்டு எடுங்கப்பான்னு. கூலிக்கு ஆள் வைக்கலாகாதுன்னு எழுதியிருக்குடான்னா, கோர்ட்டுக்குப் போவோம்ங்கான். இளையவன் போனையே எடுக்கல. தேவாசீர் போன வாரம் எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, மாடியில எத்தனை கட்டில் போடலாம்னு விரலை விட்டு எண்ணிட்டுப் போறான். சாசனத்தை ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுக் கோயில்ல மாட்டணும்னு தீர்மானம் போட்டதும் அவன்தான். அதுக்குத்தான் இந்த டவுன் பயணம்.

மெடிக்கல்ல ரப்பர் கையுறையும் வாங்கிட்டேன். டாக்டர்மாரு போடுறது. சட்டைப்பையில இருக்கு. சொந்தக் கைன்னுதான எழுதியிருக்கா, கையுறை போடக்கூடாதுன்னு எழுதலையே. உள்ள இருக்கிறது எங் கைதான.

ரொம்பவும் எடுக்கப் போறதில்ல. எத்தனை இலைன்னு அவ எழுதல. ஒண்ணு எடுத்தாலும் எடுத்ததுதான். அதான் உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு பாத்தேன். நீங்க வெளியூர் ஆளு, பாத்தா படிச்ச பிள்ளையா இருக்கீக, நல்ல குடும்பம்னு மூஞ்சியிலயே தெரியுது. பந்தியில தெக்குப்பக்கமா, ஓரமா உக்காருங்க. சாப்பிட்டு எந்திரிச்சதும் உங்க இலையை நான் எடுத்துக்கிடுதேன். தெரியாத ஆளு இலைன்னா எனக்கும் அவ்வளவு கேவலமா இருக்காது. பாக்கிறவனுக்கு தெக்குத் தெருப் பந்தியில எடுத்த மாதிரியும் ஆச்சு. என்ன சொல்லுதீக?

என்ன?

தெக்குத் தெருவா? தெக்குத் தெருவுல யாரு வீட்டுக்கு?

சீயோனம்மா பேரனா நீங்க? சாலமோன் மவனா?

அந்தச் சாலமோன் மவனா?

ஏன் தம்பி இதை முதல்லயே சொல்லல? ரெண்டு தரம் வாயைத் தொறந்தீக, ஆமா, பாத்தேன். நான் எங்க பேச விட்டேன். கோயம்புத்தூர்ல வேலையா. நல்லது. நல்லது. ரொம்ப வருசம் ஆச்சோ ஊருக்கு வந்து.

அந்தக் குழம்பு ஞாபகம் இருக்கா? தூக்குச்சட்டியில மதினி கொண்டுவந்தது? ம். என்னைக்கும் கறித்துண்டைப் பிள்ளைக்குன்னு சோத்துக்கு அடியில ஒளிச்சு வச்சுத்தான் எடுத்துட்டு வருவாகளா? எனக்கு அது தெரியாது. எங்க வீட்ல மதினி கறி சாப்பிட்டு நான் பாத்ததில்ல. அவுகளுக்குக் கறி பிடிக்காதுன்னுல்லா நாங்க எல்லாரும் நினைச்சிக்கிட்டிருந்தோம்.

அன்னா மணிக்கூண்டு தெரியுது. இறங்கணும். இல்ல, நீங்க கடகத்தை எடுக்காதீக, வைங்க. அதை நீங்க தூக்கக்கூடாது. நான் எடுத்துக்கிடுதேன்.

உங்க பாட்டி வாராகளா அசனத்துக்கு? கண்ணு தெரியுதா அவுகளுக்கு இப்ப? நல்லாத் தெரியுதா. சரி. தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. நான் பேசினதை அவுககிட்டச் சொல்லிராதீக. பஸ்ல ஏதோ வயசானவன் பேசிக்கிட்டு வந்தான்னு விட்டுருங்க. இந்தக் கையுறையைப் பாத்தா அவுக என்ன நினைப்பாக? போட்டுக்கிட்டு எடுத்தா எடுத்ததா ஒத்துக்கிடுவாகளா?

சாப்பிட்டு முடிச்சதும் பாட்டிக்கு முன்னால எந்திரிச்சிராதீக. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருங்க. இலையை மடிக்காண்டாம், அப்படியே விட்டுருங்க, மதினி அப்படித்தான் பாத்து எடுப்பாக. பாட்டி இலையை முதல்ல எடுக்கேன். பிறகு உங்க இலை. தேவாசீர் நோட்டும் பேனாவுமா அங்கதான் நிப்பான். அவன் கேக்கும்போது, எடுத்தாகன்னு எந்திரிச்சு நின்னு சொல்லுவீகளா, தம்பி?